காலியாக விட முடியாத பெட்டி

"தைரா, ஐந்து வயது. விலாவின் இருபுறமும் கொப்புளங்கள். பெரியவர் ஒருவரின் பத்து விரல்களும் பதிந்ததுபோல் இருக்கிறது. தீக்காயம். காரணம், பிறர் இழைத்த கொடுமை."

ஹெட்போனில் டாக்டர் ஹெட்விக்கின் குரல் நின்றது. சோல்வெய்க்கின் விரல்களும் நின்றுவிட்டன.

டாக்டர்கள் பேசிப் பதிவதைத் தட்டச்சு செய்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டு எண்ணைச் சரிபார்ப்பது அவள் வேலை. அந்தச் சிறிய மருத்துவமனையில் இருபத்திரண்டு வருடமாகச் செய்துவருகிறாள். காயம் என்றால் இரண்டு எண் வேண்டும். என்ன காயம் என்பதற்கு ஒன்று, எப்படி வந்தது என்பதற்கு ஒன்று. இரண்டாவது பெட்டி காலியாக இருந்தால் கணினி பக்கத்தை மூட விடாது. வெறும் தடிப்பு, அரிப்பு என்றால் அது எதையும் கேட்பதில்லை.

சமூகநலத் துறைக்குத் தகவல் போயாகிவிட்டது. மூன்று மணிக்கு அதிகாரி வருவார். இந்த வரி இப்படியே இருந்தால் குழந்தை இன்று வேறு யார் வீட்டிலோ தூங்கும். அப்பா தனியாக வீடு திரும்புவார். மணி இரண்டாகப் பத்து நிமிடம் இருந்தது.

அவள் பதிவின் முன்பகுதியை மறுபடி ஓடவிட்டாள். "ஞாயிற்றுக்கிழமை மோர்ஷோ ஏரியில் நீந்தினார்கள். செவ்வாய் காலையில்தான் சிவந்ததாம். நான் தூக்கினேன், அவ்வளவுதான் என்கிறார் தகப்பன். சட்டைக் கையை இழுத்து இழுத்து மணிக்கட்டை மறைக்கிறார்."

மோர்ஷோ ஏரி. நேற்று முன்தினம் அதே ஏரிக்கரையிலிருந்து ஒரு பெண்மணி முழங்காலுக்குக் கீழே கொப்புளத்தோடு வந்திருந்தாள். பாதையோரம் களை வெட்டினாளாம். தோல் தடிப்பு என்று ஓர் எண்ணைப் போட்டுப் பக்கத்தை மூடியது சோல்வெய்க்தான். காரணத்தை யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

அந்தப் பதிவைத் திறந்து பார்க்க விரல் துடித்தது. தேவையில்லாமல் அடுத்தவர் பதிவைத் திறந்தால் வேலை போய்விடும், அது நியாயமும்கூட. அவள் திரையை அணைத்துவிட்டு எழுந்தாள். ஆண்டவரே, நான் நினைப்பது தப்பென்றால் வழியிலேயே என்னை நிறுத்தும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, ஒரு கோப்பை காபியோடு நடைபாதைக்குப் போனாள்.

தகப்பன் விக்கோ நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். மரம் அறுக்கும் ஆலையில் வேலை செய்கிற ஆள். கைகளைத் தொடைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார்.

"காபி குடிங்க, சூடா இருக்கு."

"வேணாங்க. நீங்களும் கேக்க வந்திருக்கீங்களா? காலையிலேர்ந்து எத்தனை பேருகிட்ட சொல்றது? அவளுக்கு அம்மா இல்ல. அவள நான் அடிப்பேனா?"

"அதக் கேக்கலங்க. தூக்குனீங்களே, அதுக்கு முன்னாடி அந்தக் கை என்ன செஞ்சுது?"

விக்கோ நிமிர்ந்து பார்த்தார். காலையிலிருந்து யாரும் கேட்காத கேள்வி அது.

"செடி வெட்டுனேன். தண்ணிக்கு எறங்குற வழிய அடைச்சுக்கிட்டு ஆளுயரத்துக்கு நின்னுச்சு. குடை மாதிரி வெள்ளப் பூ. சாறு கையெல்லாம் வடிஞ்சுது, புல்லுல தொடச்சிட்டு இவளத் தூக்கித் தண்ணில விட்டேன்."

"சட்டைக் கைய கொஞ்சம் மேல ஏத்துங்க."

மணிக்கட்டில், சட்டைக் கை முடிகிற இடத்தில், வளையல் போட்டதுபோல் கொப்புளங்கள்.

"இத ஏன் மறைச்சீங்க?"

"பிள்ளைக்கும் கொப்புளம், எனக்கும் கொப்புளம்னா என்ன நெனப்பாங்களோன்னு பயந்துட்டேன்."

சோல்வெய்க் ஓடவில்லை; ஆனால் அவள் அவ்வளவு வேகமாக நடந்து யாரும் பார்த்ததில்லை. கோடை விடுப்பில் பாதி மருத்துவமனை காலி. தலைநகரிலிருந்து ஆறு வாரத்துக்கு வந்திருந்த ஹெட்விக், ஓர் அறையில் நின்றபடியே ரொட்டியை மென்றுகொண்டிருந்தாள்.

"டாக்டர், அந்த இரண்டாவது எண்ண எத வச்சுப் போட்டீங்க?"

"பெட்டி காலியா இருந்தா மூட மாட்டேங்குதே! காரணம் தெரியலன்னு போடவும் ஒரு எண் இருக்கு, எனக்குத் தெரியும், சோல்வெய்க். ஆனா பத்து விரல் தெரியுது. தெரியலன்னு போட்டு, அந்தப் பிள்ளைய வீட்டுக்கு அனுப்பி, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா? நீங்களா பதில் சொல்வீங்க?"

"மாட்டேன். நீங்க பயந்தது சரிதான். தகவல் சொன்னதும் சரி. ஆனா அவரு மணிக்கட்ட ஒரு தடவ பாத்துட்டு வாங்க. ஏரிக்கரையில குடை மாதிரி வெள்ளையா பூக்குமே, அந்த லோக்காச் செடிய வெட்டியிருக்காரு."

ஹெட்விக் மெல்லுவதை நிறுத்தினாள். "ராட்சத லோக்காவா? சாறு பட்ட எடத்துல வெயில் பட்டா தோலு வெந்து கொப்புளிச்சுருமே!" ரொட்டியை மேசையில் போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

விக்கோவின் உள்ளங்கையின் தடித்த தோலில் சாறு ஏறவில்லை. மெல்லிய மணிக்கட்டில் ஏறியிருந்தது, குழந்தையின் விலாவில் இன்னும் நன்றாக. ஹெட்விக் குழந்தையின் மேற்கையைப் பார்த்தாள், முதுகைப் பார்த்தாள், தலைமுடியை விலக்கிப் பார்த்தாள். வேறெங்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. நீச்சலுடை மூடிய இடத்தில் சாறும் படவில்லை, வெயிலும் படவில்லை. விரல் தடம் துணியின் விளிம்பில் வெட்டினாற்போல் நின்றிருந்தது. கொடுமை செய்கிற கை துணியைப் பார்த்து நிற்குமா? பெரிய ஊரிலிருந்த தோல் மருத்துவருக்குப் படம் அனுப்பினாள். பதில் வரவில்லை. இரண்டரை ஆயிற்று. இரண்டே முக்கால். சோல்வெய்க் மடியில் கைகோத்து உட்கார்ந்திருந்தாள். மூன்றாக ஐந்து நிமிடம் இருக்கும்போது தொலைபேசி அடித்தது.

"ஆமாங்க... சரி... நிச்சயம்தானே?" ஹெட்விக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "முதல் வரிய அடிச்சுட்டுக் கீழ புதுசா போடுங்க சோல்வெய்க். தோல் அழற்சி, செடிச் சாறும் வெயிலும். இரண்டாவது பெட்டில செடின்னு போடுங்க."

அதிகாரி வந்தார். பழைய வரி, புதிய வரி இரண்டையும் படித்தார், குழந்தையோடு தனியாகப் பேசினார். வெளியே வந்து விக்கோவிடம், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, வெயில்ல விடாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

"என்ன மன்னிச்சிருங்க" என்றாள் ஹெட்விக்.

விக்கோ தலையசைத்தார். கைகள் இன்னும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தன.

"அப்பா, தூக்கு!"

"நடந்து வாடா செல்லம்."

"கால் வலிக்குது. தூக்கு!"

அவர் சோல்வெய்க்கைப் பார்த்தார். அவள் சுவரோரக் குழாயைத் திறந்துவிட்டாள். விக்கோ சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினார், துடைத்தார், விலாவில் படாமல் குழந்தையைத் தொடைக்குக் கீழே கைகொடுத்து ஏந்திக்கொண்டார்.

சோல்வெய்க் தன் இடத்துக்குத் திரும்பி ஹெட்விக்கை அழைத்தாள். "டாக்டர், செவ்வாய்க்கிழம அதே ஏரிக்கரையிலேர்ந்து வந்த ஒரு அம்மாவுக்குத் தோல் தடிப்புன்னு பதிவு மூடுனேன். காரணம் கேக்காமலே மூடிட்டேன். நீங்க ஒரு தடவ பாக்கணும். அந்தக் கரையில இன்னும் பிள்ளைங்க குளிக்குது."