இரண்டாம் நம்பர் அறையின் சுடுதண்ணி

"இது தெறக்காது. வெள்ளக்காரன் பூட்டுனது, அவனே வந்துதான் தெறக்கணும்," என்று சொல்லிவிட்டுச் சின்னராசா தன் மூன்றடி ரென்ச்சை இரண்டாம் நம்பர் அறையின் குளியலறைச் சுவரில் சாய்த்தார்.

ஷவருக்குக் கீழே சுவரில் இரண்டு பித்தளை வால்வுகள். ஒன்று பச்சைத்தண்ணிக்கு, மற்றது சுடுதண்ணிக்கு. சுடுதண்ணி வால்வின் கைப்பிடிதான் அசைய மறுத்தது. சின்னராசா தேயிலை பெக்டரியில் மெஷின் பார்க்கும் பிட்டர். எந்த இரும்பையும் அடித்துத்தான் வழிக்குக் கொண்டுவருவார். காலையிலிருந்து இரண்டு தடவை ரென்ச்சில் தொங்கிப் பார்த்ததில் கைப்பிடியின் ஒரு கை வளைந்ததுதான் மிச்சம்.

"மாமா, இன்னொருக்கா தொங்குனீங்கன்னா செவரும் சேந்து வந்துரும். தள்ளி நில்லுங்க," என்றாள் தனுஷிகா.

டிக்கோயாவுக்கு மேலே இருக்கும் அந்தப் பழைய துரை பங்களாவை ஹட்டன் கடைக்காரர் மக்பூல் குத்தகைக்கு எடுத்து, சுற்றுலா வருகிறவர்களுக்கு அறை விட்டுக்கொண்டிருந்தார். முந்தின நாள் தனுஷிகாவைக் கூப்பிட்டு வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்லியிருந்தார். "நாளைக்கு ரெண்டு மணிக்கு ஆக்கள் வாராங்க. அதுக்குள்ள சுடுதண்ணி வந்தா பங்களா பைப்பு வேல முழுக்க ஒனக்கு. ஏலாட்டி இப்பவே சொல்லிரு தங்கச்சி, டவுன்ல ஆள் பாத்து செவர ஒடைக்கிறேன்."

தனுஷிகா மூன்று வருடமாகக் கொழும்பில் ஒரு கட்டடக் கம்பனிக்குப் பைப்பு வேலை செய்கிறாள். மாதத்தில் இரண்டு நாள்தான் லீவு. நாலு வயது மகள் தோட்டத் தொழிலாளர் லயத்தில் தனுஷிகாவின் அம்மாவோடு இருக்கிறாள். இந்தத் தடவை வந்து இறங்கியபோது மகள் கதவைப் பிடித்துக்கொண்டு, "அம்மாச்சி, யாரோ ஒரு அக்கா வந்திருக்காங்க," என்றாள். லயமே சிரித்தது. தனுஷிகாவும் சிரித்தாள். பிறகு லயத்து ஆட்கள் குளிக்கும் பீலிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். வால்வு திறக்காவிட்டால் நாளை விடியற்காலை பஸ்ஸில் திரும்பிப் போகவேண்டும்.

கத்தி முனையால் கைப்பிடியின் கழுத்தைச் சுரண்டினாள்.

"மாமா, இங்க பாருங்க. மேல பச்ச. அதுக்குக் கீழ வெள்ள. அதுக்குக் கீழயும் பச்ச."

தோட்டத்துக்குப் பெரிய ஆள் யார் வந்தாலும் பெயிண்ட் அடிக்கச் சொல்வார்கள். எதை விடவேண்டும் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. கதவு, கீல், பூட்டு, வால்வு எல்லாவற்றுக்கும் ஒரே அடி.

"எங்கப்பன் அடிச்சதா இருக்கும்," என்றார் சின்னராசா பெருமையாக. "ஒருக்கா செவத்துல பல்லி ஒண்ணு நகராம இருந்திச்சு. அதுக்கும் சேத்து அடிச்சிட்டாரு."

"தண்ணிய நிப்பாட்டணும் மாமா."

பங்களாவில் தண்ணியை நிறுத்த இடமே கிடையாது. மலைமேல் இருக்கும் தொட்டியிலிருந்து ஒரே பைப் இறங்கி, பாதி வழியில் பங்களாவுக்கும் லயத்துப் பீலிக்கும் பிரிகிறது. நிறுத்தவேண்டுமானால் தொட்டிக்கு ஏறிப்போய்ப் பைப் வாயில் சாக்கைத் திணிக்கவேண்டும். சின்னராசா ஒரு பழைய உரச் சாக்கோடு கிளம்பினார். போகும்போது ரென்ச்சையும் தூக்கிக்கொண்டுதான் போனார்.

தனுஷிகா பெயிண்ட் முழுவதையும் சுரண்டி எடுத்தாள். வால்வின் கழுத்தில் துணியைச் சுற்றி, குசினியிலிருந்து கேத்தல் கேத்தலாகக் கொதிதண்ணி கொண்டுவந்து ஊற்றினாள். ஐந்தாவது கேத்தல் முடிந்ததும் சின்ன ஸ்பேனரைப் போட்டு, திறக்கிற பக்கம் திருப்பாமல் மூடுகிற பக்கம் ஒரு மயிரிழை அழுத்தினாள். பிறகு திறக்கிற பக்கம். மறுபடி மூடுகிற பக்கம். கால்மணி நேரம் இப்படியே போனது. கடைசியில் உள்ளே ஏதோ முறிந்ததுபோல ஒரு சத்தம் கேட்டது. உடைத்துவிட்டோமோ என்று குனிந்து பார்த்தாள். உடையவில்லை. நட்டு கழன்று வந்தது. உள்தண்டைச் சுற்றியிருந்த நூல் கல்லாக இறுகிக் கிடந்தது. அதைக் கொத்தி எடுத்து, தண்டில் இருந்த பச்சைக் களிம்பைத் தேய்த்து, புது நூல் சுற்றி, புது வொஷர் வைத்து, கிரீஸ் தடவிப் பூட்டினாள். வளைந்த கைப்பிடியையும் தட்டி நிமிர்த்தினாள்.

அதற்குள் குசினிப் பக்கம் சத்தம் கேட்டது. பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டி, தோளில் துண்டும் தலை நிறைய ஷாம்பு நுரையுமாக, பீலியில் குளித்துக்கொண்டிருந்த லயத்துப் பேச்சியம்மா நின்றாள். மலையிலிருந்து அப்போதுதான் இறங்கிய சின்னராசா குசினியில் சுடுதண்ணி காயும் பாய்லருக்குப் பின்னால் போய் ஒதுங்கினார்.

"எந்த வீணாப்போனவன் தண்ணிய நிப்பாட்டுனது? ஞாயித்துக்கெழமதான் நாங்க தல முழுகுறோம். கண்ணு எரியுதுடி."

"நாந்தான் சித்தி. பத்து நிமிசம்."

"பத்து நிமிசத்துல தல முட்ட ஓடு மாதிரி காஞ்சிரும்."

"அப்ப உள்ள வாங்க. மாமா, ஓடிப்போய் சாக்க உருவுங்க."

சின்னராசா சந்தோசமாக ஓடினார். பேச்சியம்மா அசையவில்லை. முப்பது வருடம் இந்தத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். குசினிப் படியைத் தாண்டி உள்ளே வந்ததில்லை.

"என்னையா? துரை குளிச்ச எடத்துலயா?"

"துரைக்கும் தலையில நொரதான் இருந்திருக்கும். வாங்க சித்தி."

பைப் இருமியது. பழுப்பாகத் துப்பியது. பிறகு தெளிந்து, ஆவி பறக்கக் கொட்டியது. தனுஷிகா கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள்.

"அடியே, மழையில யாரோ அடுப்பு பத்த வச்ச மாதிரி இருக்குடி," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

ஒன்றரை மணிக்கு மக்பூலின் வேன் முன்வாசலில் வந்து நின்றது. பேச்சியம்மா அப்போதுதான் சிவந்த முகத்தோடு பின்வழியாகப் போயிருந்தாள். தனுஷிகா முற்றத்தில் சாமான்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, இங்க வா," என்றார் மக்பூல் உள்ளேயிருந்து. குரல் சரியில்லை.

இரண்டாம் நம்பர் அறை முழுக்க ஆவி. ஷவர் முழு வேகத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

"தெறக்காதத மூடாததாக்கி வச்சிருக்க. பாய்லர் காலியாகப் போகுது. இப்ப ஆக்கள் வந்தா நான் என்னத்தச் சொல்ல?"

தனுஷிகா ஆவிக்குள் நுழைந்தாள். வொஷர் அளவு தப்பிவிட்டதோ? நூல் போதவில்லையோ? கையை நீட்டிக் கைப்பிடியைத் தொட்டாள். இரண்டு விரலுக்கு அது வழுக்கிக்கொண்டு திரும்பியது. தண்ணி நின்றது. ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. பீலித் தண்ணி இரவும் பகலும் கொட்டிக்கொண்டே இருக்கும். குளித்தவர்கள் துண்டை எடுத்துக்கொண்டு நடப்பார்கள். பேச்சியம்மா தன் வாழ்நாளில் குளித்து முடித்துத் தண்ணியை மூடியதே இல்லை.

பொய் சொல்ல ஒரு நிமிடம் இருந்தது. சொல்லவில்லை.

"பேச்சியம்மா சித்தி குளிச்சாங்க மொதலாளி. தலையில நொரையோட நின்னாங்க, நாந்தான் உள்ள விட்டேன். பீலிப் பழக்கத்துல மூடாமப் போயிட்டாங்க. வால்வுல ஒரு கொறையும் இல்ல."

மக்பூல் தரையில் கிடந்த ஒரு நரைமுடியைப் பார்த்தார். பிறகு கைப்பிடியைத் திறந்தார், மூடினார். சுண்டுவிரலால் திறந்தார், மூடினார். சட்டைக்கை நனைந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

"கொழும்புல ஒன் சாமான் நெறைய கெடக்கா?"

"ஒரு பெட்டி, ஒரு பாய் மொதலாளி."

"நம்ம மரக்கறி லொறி புதன்கெழம போகுது. வரும்போது ஏத்திட்டு வரச் சொல்றேன். நாளைக்கு எட்டு மணிக்கு வேலைக்கு வந்துரு."

தனுஷிகா வாயைத் திறக்குமுன் பின்பக்கம் இருமல் சத்தம் கேட்டது. குசினிப் படியில் நாலு பெண்கள் துண்டும் சோப்புப் பெட்டியுமாக நின்றார்கள். "சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தோம்," என்றாள் ஒருத்தி. அவர்களுக்குப் பின்னால் சின்னராசாவும் துண்டோடு நின்றார்.

மக்பூல் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"எல்லாரையும் திருப்பி அனுப்பு. அதுதான் ஒன் மொத வேல."

"எனக்கு வேல நாளைக்குத்தானே மொதலாளி," என்றாள் தனுஷிகா.