வருமுன் போட வேண்டிய மாத்திரை

எங்கள் வீட்டில் மாத்திரை விஷயத்தில் நான்தான் டாக்டர். என் கணவர் ஜம்புநாதன் புனே பக்கம் சிஞ்ச்வடில் ஒரு கம்பெனியில் இருபது ஆட்களை மேய்த்தவர். வீட்டிலோ நான் உள்ளங்கையில் எதை வைத்தாலும் கேள்வி கேட்காமல் விழுங்கிவிடுவார். அதில் எனக்குக் கர்வமும் உண்டு.

தொண்ணூற்றெட்டில் அவர் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. புற்றுநோய் என்றார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை கீமோ மருந்து ஏற்ற வேண்டும், மொத்தம் ஆறு டிரிப். டிரிப் ஏற்றுவதற்கு அரைமணி முன்னால் கொடுங்கள் என்று டாக்டரம்மா வாந்தியைத் தடுக்க ஒரு புது மாத்திரையைத் தந்து, ஹிந்தியில் இரண்டு தடவை சொன்னார். எனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை. வாந்தியே வராதபோது வாந்தி மாத்திரை எதற்கு, உடம்புக்குச் சூடு என்று கைப்பையிலேயே வைத்துக்கொண்டேன். வெறும் வயிற்றோடு போகக்கூடாதென்று, கிளம்பும் முன் அவருக்குப் பிடித்த வத்தக்குழம்பும் சாதமும் வயிறு முட்டப் போட்டேன்.

முதல் இரண்டு தடவையும் குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுத்தார். அப்புறம் கொடுத்த மாத்திரை உள்ளே தங்கவே இல்லை. மூன்றாவது தடவை பயந்துபோய் முன்னாலேயே கொடுத்தேன். ஆனால் ரிக்ஷா ஆஸ்பத்திரித் தெருவில் திரும்பியதுமே ஆரம்பித்துவிட்டது. நான்காவது தடவை, வீட்டில் குழம்பு கொதிக்கிற வாசனைக்கே பாத்ரூமுக்கு ஓடினார்.

முதலிலிருந்தே மாத்திரையை முன்னால் கொடுத்தீர்களா என்று டாக்டரம்மா என்னைத் தனியாகக் கேட்டார். மருந்து இறங்கியதும் குடல் மூளைக்குத் தகவல் அனுப்புமாம். அதை வழியிலேயே மறிப்பதுதான் அந்த மாத்திரையின் வேலை. ஆரம்பத்தில் மறிக்காவிட்டால் மூளை மனப்பாடம் செய்துகொள்ளும், பிறகு ஒரு வாசனையே போதும் என்றார். கொடுத்தேன் என்று வாய் கூசாமல் சொன்னேன். அப்படியானால் பயம்தான் என்று என் கணவரிடம் இதமாகச் சொல்லி, பயத்துக்கு வேறு மாத்திரை எழுதினார்.

அன்றிலிருந்து மனுஷர் ஒடுங்கிப்போனார். ஐந்தாவது டிரிப் அன்று காலை, சட்டையைப் போட்டுக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். பாதியில் விட்டால் கட்டி திரும்பி வரும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"என்னால முடியாது பாமா. சின்னக் குழந்தைகள்லாம் வந்து ஏத்திண்டு போறதுகள். நான் பயந்தாங்கொள்ளி. நீ ஆசையாப் பண்ணிப் போட்டதைக்கூட வாந்தி எடுக்கறேனே."

என்னிடம் மன்னிப்புக் கேட்கிற குரல் அது. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்து, மாத்திரை கைப்பையில் கிடந்ததையும் டாக்டரம்மாவிடம் பொய் சொன்னதையும் சொல்லிவிட்டேன்.

"எல்லாம் நான் பண்ணினதுதான். உங்க பயம் இல்லை."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் கட்டிலிலிருந்து குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

"அப்போ நான் பயந்தாங்கொள்ளி இல்லையா?"

இல்லை என்று தலையசைத்தேன். வழியில் வாந்தி வந்தால் இருக்கட்டும் என்று ஒரு பிளாஸ்டிக் பையை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, எனக்கு முன்னால் மாடிப்படி இறங்கினார். மூன்று வாரமாக இல்லாத தெம்பு நடையில் தெரிந்தது. என்னால்தான் அதைப் பார்க்க முடியவில்லை.