பகலில் நீலாம்பரி கூடாது

தாலாட்டுக்கென்றே உள்ள நீலாம்பரி ராகத்தைச் சூரியன் மறைவதற்கு முன் பாடக் கூடாது என்பது ஸ்ரீவத்சன் வீட்டுச் சட்டம். காலை பதினோரு மணிக்குத் தூக்கம் வரும் என்பது அவருடைய ஒன்பது மாதப் பெண் ஸ்ரீரஞ்சனியின் சட்டம். இரண்டும் மந்தைவெளியில் ஒரு இரண்டாவது மாடி ஃபிளாட்டில் தினமும் மோதிக்கொண்டன.

ஸ்ரீவத்சன் லஸ்ஸில் ஒரு வங்கிக் கிளையில் அதிகாரி. ஆனால் யாராவது "என்ன பண்றேள்?" என்று கேட்டால் "ரசிகன்" என்றுதான் சொல்வார். அவருக்குப் பாடத் தெரியாது. பாடத் தெரிந்தவர்கள் எங்கே தப்பு செய்கிறார்கள் என்று மட்டும் தெரியும். மகளுக்கு ராகத்தின் பெயரை வைத்ததோடு தன் கடமையில் பாதி முடிந்ததாக நினைத்தார். மீதிப் பாதியை நினைத்துத்தான் வீடே பயந்தது.

அவர் மனைவி அனு தரமணியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்தாள். பிரசவ விடுப்பு எப்போதோ தீர்ந்து, கெஞ்சி வாங்கிய இரண்டு நீட்டிப்புகளும் இன்னும் ஐந்து வாரத்தில், ஒரு திங்கட்கிழமையோடு தீர்ந்துவிடும். அன்று வேலைக்குப் போகாவிட்டால் வேலை போய்விடும். குழந்தை பகலில் இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டால் சாயங்காலம் வரை சிரிக்கும். தூங்காவிட்டால் சாயங்காலம் வரை அலறும். அந்த அலறலுக்கு ஏற்கெனவே இரண்டு ஆயாக்கள் ஓடிப்போயிருந்தார்கள். பக்கத்துக் காப்பகங்களில் ஒன்றரை வயதுக்குக் கீழே எடுப்பதில்லை. அனுவின் அம்மா திருச்சியில் இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்தாள். மாமியார் உயிரோடு இல்லை. ஆக, குழந்தையின் தூக்கத்தில்தான் அனுவின் வேலை தொங்கிக்கொண்டிருந்தது.

"கவலையே படாதே. என்ன பாட்டு போடறதுங்கறதை மட்டும் எங்கிட்ட விட்டுடு" என்றார் ஸ்ரீவத்சன்.

அவளும் விட்டாள்.

மூன்று வாரம் உழைத்து அவர் ஒரு பட்டியல் போட்டார். 'சிசு கச்சேரி' என்று அதற்குப் பெயர். முதலில் வர்ணம். பிறகு விறுவிறுப்பாக ஒரு கீர்த்தனை. அடுத்து விஸ்தாரமான ஆலாபனை, கனமான உருப்படி, பதினெட்டு நிமிடம் தனி மிருதங்கம். இதெல்லாம் ஓய்ந்த பிறகு, கச்சேரி முடிவில் வரும் சின்னச் சின்னத் துக்கடாக்கள். அவற்றில் மூன்றாவதாக, மங்களத்துக்குச் சற்று முன்னால், இரண்டு மணி இருபதாவது நிமிடத்தில் தாலாட்டு வந்தது. பகல் நேரம் என்பதால் அதுவும் நீலாம்பரியில் இல்லை.

"தாலாட்டை முதல்லயே போட்டா என்ன, ஸ்ரீ?"

"துக்கடால கச்சேரியை ஆரம்பிப்பாளா? உலகத்துல யாராவது?"

"அவ கச்சேரிக்கு வரலை. தூங்கப் போறா."

"கச்சேரில தூங்கறவா இல்லையா? பாலு மாமா தூங்கலையா? ஆனா வர்ணத்துல தூங்க மாட்டார். அதுக்குன்னு ஒரு எடம் இருக்கு."

பாலு மாமா, நாதலோல சபாவின் காரியதரிசி. முப்பது வருடமாக முன்வரிசையில் தூங்கி அந்தப் பதவிக்கு வந்தவர்.

மூன்றாவது ஆயாவாக வந்தவள் ஜெனிதா. சீனிவாசபுரத்துக் கடலோரக் குடியிருப்பு. கணவன் படகில் போகிறவன். தலையில் மீன் கூடை சுமந்து முட்டி தேய்ந்துபோனதால் பிள்ளை பார்க்கும் வேலைக்கு மாறியிருந்தாள். முதல் நாளே மிருதங்கத்தின் நடுவில், அலறும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டாள்.

"இன்னா சார் இது? கொயந்தைய தூங்க வெக்கிறதுக்கா, எயுப்பறதுக்கா?"

"மோகரா வர வரைக்கும் பொறுங்கோ" என்றார் ஸ்ரீவத்சன்.

தனி மிருதங்கம் முடியும் தறுவாயில் வரும் அடிதான் மோகரா. அவர் யார், எத்தனை மணிக்கு வருவார் என்று ஜெனிதா அனுவிடம் தனியாக விசாரித்தாள்.

மூன்றாம் நாள் பத்து நாற்பதுக்குத் தெருவில் குப்பை வண்டி வந்தது. பேட்டரியில் ஓடும் சின்ன வண்டி. அதன் கூம்பு ஒலிபெருக்கியில், மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்துத் தரும்படி ஒருவர் கீபோர்டோடு உருகிக்கொண்டிருந்தார். அலறிக்கொண்டிருந்த ஸ்ரீரஞ்சனி பாதியில் நிறுத்தினாள். கட்டை விரலை வாயில் வைத்தாள். வண்டி தெருமுனை திரும்புவதற்குள் தூங்கிவிட்டாள்.

மறுநாள் ஜெனிதா கீழே இறங்கி வண்டியை மறித்தாள்.

"தம்பி, கொஞ்சம் நில்லு நைனா."

"இன்னாக்கா, குப்பை எங்க?" என்றார் வண்டி ஓட்டும் டில்லிபாபு.

"குப்பை இல்ல. பாட்டு வோணும்."

"பாட்டா? காலைலேந்து இதையே கேட்டுக்கினு எனக்கு மண்டை காயுது. உனக்கு இன்னாத்துக்கு?"

"மேல ஒரு கொயந்தை கீது. உன் பாட்டு கேட்டாதான் கண்ணை மூடுது."

டில்லிபாபு மாடியை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பாட்டால் இதுவரை அவருக்குக் கிடைத்ததெல்லாம் 'சத்தத்தைக் கொறைப்பா' என்ற வசவு மட்டும்தான்.

"மெய்யாலுமா? அப்போ ஃபுல்லா எட்த்துக்கோக்கா. வண்டிய ஆஃப் பண்ணாம நிக்கிறேன்."

பின்னணியில் ஒரு ஆட்டோ ஹாரனும் ஒரு வாளி உருளும் சத்தமும் சேர்ந்து, ஜெனிதாவின் போனில் நான்கு நிமிடப் பாட்டு பதிவானது.

அதற்கப்புறம் ஸ்ரீவத்சன் வங்கிக்குப் போனதும் சிசு கச்சேரி நிற்கும். குப்பைப் பாட்டு ஒலிக்கும். குழந்தை ஒரு மணி வரை தூங்கும். அனு முதல் நாள் சிரித்தாள். இரண்டாம் நாள் அலுவலகம் போகும் சுடிதாரை இஸ்திரிக்குக் கொடுத்தாள்.

"சார்கிட்ட சொல்லிடாதீங்க ஜெனிதா. நான் வேலைல சேர்ற வரைக்குமாவது."

"நான் இன்னாத்துக்கும்மா சொல்லப்போறேன்? பேர் அவருக்கு, தூக்கம் கொயந்தைக்கு."

பேர் உண்மையிலேயே அவருக்குத்தான் போனது. சாயங்காலங்களில் சிரிக்கும் மகளைப் பார்த்து ஸ்ரீவத்சன் ஒரு வரைபடம் போட்டார். ஆலாபனையின் நீளம் கூடக் கூடத் தூக்கத்தின் ஆழமும் கூடுவதாக அதில் தெரிந்தது. அதைப் பார்த்த பாலு மாமா, சனிக்கிழமை சபாவில் ஒரு விளக்க உரைக்கு ஏற்பாடு செய்துவிட்டார். தலைப்பு: 'மழலைக்கும் மனைக்கும் மன அமைதி தரும் இசை'. காலை பத்தரைக்கு, மேடையில் தொட்டில் போட்டு, நேரடிச் செயல்முறையோடு.

"குழந்தையை மேடை ஏத்த வேண்டாம், ஸ்ரீ."

"ஊர்ல எத்தனை அம்மாக்கள் தூக்கமில்லாம தவிச்சுண்டிருக்கா! நம்ம ஆத்து ரகசியமாவே வெச்சுக்கறதா?"

நம்ம ஆத்து ரகசியம் என்னவென்று அனுவுக்குத் தெரியும். திங்கள் வர இரண்டே நாள்தான் இருந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

சபா என்பது ஒரு கல்யாண மண்டபத்தின் மாடிக் கூடம். முப்பது பேர் வந்திருந்தார்கள். அதில் கீரை வடைக்காக வராதவர்கள் எட்டுப் பேர் இருக்கலாம். கைக்குழந்தையோடு ஒருவர்கூட இல்லை. பாலு மாமா இருபது நிமிடம் வரவேற்றார். பிறகு ஸ்ரீவத்சன், இன்றைய பெற்றோர்கள் மழலைகளின் காதில் குப்பையைக் கொட்டுகிறார்கள் என்று வருந்தினார். கடைசி வரிசையில் ஜெனிதா அனுவைப் பார்த்தாள்.

வர்ணம் தொடங்கியது. தொட்டிலில் ஸ்ரீரஞ்சனியும் தொடங்கினாள்.

"இது எதிர்பார்த்ததுதான். மனசு பண்படற கட்டம்" என்றார் ஸ்ரீவத்சன் மைக்கில்.

கீர்த்தனையில் அழுகை ஏறியது. ஆலாபனையில் குழந்தையின் முகம் கறுத்தது, மூச்சு இழுத்தது. முன்வரிசையில் ஒரு மாமி, "பால் குடுத்தேளோ?" என்றாள். இன்னொரு மாமி, "தோடி வேண்டாம், கல்யாணி போடச் சொல்லுங்கோ" என்றாள். ஸ்ரீவத்சன் கையை உயர்த்தி எல்லோரையும் அமைதி காக்கச் சொன்னார். குழந்தை மட்டும் காக்கவில்லை.

அனு எழுந்து நின்றாள். ஜெனிதாவைப் பார்த்துத் தலையசைத்தாள்.

ஜெனிதா நேராக மேடை ஏறி, தொட்டிலுக்குள் போனை வைத்தாள். தொட்டிலின் மேல் தொங்கிய மைக் அதைக் கூடம் முழுவதற்கும் சொன்னது. ஈரக் குப்பையை ஒரு பக்கம், உலர் குப்பையை மறுபக்கம். முன்வரிசையில் இரண்டு மாமிகள் பதறி எழுந்துவிட்டார்கள்; குப்பைக்கூடை வீட்டில் இருப்பது நினைவுக்கு வந்து உட்கார்ந்தார்கள். யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ஆட்டோ ஹாரன் வந்த இடத்தில் ஸ்ரீரஞ்சனி தூங்கிப்போயிருந்தாள். அதே சமயம் பாலு மாமாவும் தூங்கிப்போயிருந்தார். ஆனால் அவரை யாரும் ஆதாரமாக எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்து ஸ்ரீவத்சன் கத்தவில்லை. கத்தியிருந்தால் சமாதானம் செய்திருக்கலாம். ஜெனிதாவின் போனைக் கேட்டு வாங்கி, தன் விரலாலேயே அந்தப் பதிவை அழித்தார்.

"உங்க மேல தப்பு இல்லை. உங்க ருசி அவ்வளவுதான். நாளைலேர்ந்து வர வேண்டாம்."

"சார், கொயந்தை தூங்குச்சு சார்."

"எப்படித் தூங்கினாங்கறதுதான் கேள்வி."

ஜெனிதா அனுவைப் பார்த்தாள். அனு, "ஸ்ரீ, திங்கட்கிழமை எனக்கு..." என்று ஆரம்பித்தாள். அவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஞாயிறு மதியம் அனு போன் செய்தாள்.

"வேணாம்மா" என்றாள் ஜெனிதா. "அடையாறுல ஒரு வூட்ல ரெட்டைக் கொயந்தைங்க. வரேன்னு வாக்கு குட்த்துட்டேன். உங்க வூட்ல கொயந்தை கஷ்டம் இல்லம்மா. சார்தான் கஷ்டம்."

திங்கள் காலை அனு இஸ்திரி செய்த சுடிதாரை உடுத்தி, இடுப்பில் குழந்தையோடு, பாரத் என்ற தன் மேலாளரை அழைத்தாள். அவன் நல்லவன்தான். அவளைவிட நான்கு வயது சின்னவன்.

"இன்னொரு நீட்டிப்பு ஹெச்.ஆர். ஒத்துக்கவே மாட்டாங்க அனு" என்றான். யோசித்தான். "ஒண்ணு பண்ணு. பதினொன்னேகாலுக்கு கிளையன்ட் மீட்டிங். வீட்லேர்ந்தே உட்காரு. ஒரு மணி நேரம் எந்தத் தொந்தரவும் இல்லாம முடிச்சுக் காட்டினா, மூணு மாசம் வீட்லேர்ந்தே வேலைனு நான் எழுதி வாங்கித் தரேன். சொதப்பினா என்னால முடியாது."

பத்து நாற்பதுக்கு வண்டி வந்தது. அனு குழந்தையோடு பால்கனியில் நின்றாள்.

"அக்கா இல்லியா மேடம்?" என்றார் டில்லிபாபு கீழேயிருந்து.

"இல்லை. கொஞ்ச நேரம் நிக்க முடியுமா?"

அவர் தலையாட்டினார். எல்லா வாளிகளும் காலியான பிறகும் வண்டியை நிறுத்தி, பாட்டை இரண்டு முறை ஓடவிட்டுப் போனார்.

பத்து ஐம்பதுக்குக் குழந்தை தூங்கியது. பதினொன்றே காலுக்கு அனு கணினித் திரையில் தோன்றினாள். பேச்சு நன்றாகவே போனது. பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிடம் ஆனபோது அவள் முறை வந்தது. இன்னும் பத்து நிமிடம். பாரத் திரையில் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான்.

ஸ்ரீவத்சன் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தார். மனைவி அறைக்குள் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். கூடத்தில், எந்த ஒலியும் இல்லாமல், வெறுமனே தூங்கிக்கொண்டிருந்தாள் மகள். அவருக்கு மனசு கேட்கவில்லை. ஒரு சுரம்கூட இல்லாமல் ஒரு தூக்கம் வீணாகிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை அவமானத்தில் ஒரு துளியையாவது இந்த மௌனத்தில் துடைக்கலாம் என்று தோன்றியது. காலணியைக் கழற்றி, நுனிக்காலில் நடந்து, ஸ்பீக்கரைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். ஆரம்பத்திலிருந்து, முறைப்படி, வர்ணம்.

அலறல் கதவைத் தாண்டி, மைக்கைத் தாண்டி, பன்னிரண்டு முகங்கள் இருந்த திரைக்குள் போனது. "மியூட், அனு, மியூட்!" என்றான் பாரத். அவள் பேசிக்கொண்டிருந்த வாக்கியம் பாதியில் நின்றது. கிளையன்ட் பெண்மணி, குழந்தைக்கு என்ன வயது என்று அன்பாக விசாரித்தாள். காரியம் கெட்டுப்போக அந்த அன்பே போதுமானதாக இருந்தது. கூட்டம் முடிவதற்குள் பாரத்திடமிருந்து தனிச் செய்தி வந்தது: "பரவால்ல அனு. இப்போ குழந்தையப் பாரு. மத்தது மெயில்ல வரும்."

அனு கணினியை மூடிவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். ஸ்ரீவத்சன் தொட்டிலின் மேல் குனிந்து, தலையைச் சாய்த்து, கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இங்க வா அனு, சீக்கிரம். இந்த அழுகையைக் கேளேன். பஞ்சமத்துல நிக்கறா. ஒரு நூல் விலகலை."

வர்ணம் ஓடத் தொடங்கி நான்கு நிமிடம்தான் ஆகியிருந்தது. தாலாட்டு வர இன்னும் இரண்டு மணி பதினாறு நிமிடம் இருந்தது.