ஓரம் தேய்ந்த டயர்

மோட்டார் சைக்கிள் வாங்க எனக்கு இரண்டு நாள் ஆனது. அதற்கு டயர் தேர்ந்தெடுக்க மூன்று மாதம். மலை, மண், ஆறு எங்கும் போகும் சாகச வண்டி என்று சொல்லித்தான் விற்றார்கள். ஆனால் அதோடு வந்த டயர் பரம சாதுவாக இருந்தது. பாலைவனம் கடப்பவர்களின் வீடியோக்களை ஒன்றுவிடாமல் பார்த்துவிட்டு டயர் கடைக்குப் போனேன்.

"தினமும் எங்க ஓட்டுவீங்க?" என்றார் கடைக்காரர்.

"வீட்டுலேருந்து பட்டறைக்கு. நாலு கிலோமீட்டர்."

"ரோடு?"

"தார் ரோடுதான்."

"அப்போ இருக்கிறதே போதுமே சார்."

போதும் என்கிற சொல் எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. ரப்பர் கட்டை கட்டையாகத் துருத்திக்கொண்டிருந்த முரட்டு டயரைக் காட்டி, அதையே மாட்டச் சொன்னேன். அன்றிலிருந்து வண்டி வண்டாக ரீங்கரித்தது. மழை நாளில் சாக்கடை மூடி மேல் ஏறினால் பின்சக்கரம் தன் போக்கில் ஒரு பக்கம் போனது. இதைத்தான் சாகசம் என்கிறார்கள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

மனைவி மட்டும் ஏற மறுத்தாள். "நம்பிக்கை வரட்டும், ஏறுறேன்" என்றாள். ஒரு வருடமாகப் பின் சீட்டில் என் சாப்பாட்டுப் பைதான் பயணம் செய்தது. வெளியே சிரித்தாலும் எனக்கு அது வலித்தது. அவளை ஏற்றிக்கொண்டு ஒரு மலைகூட ஏறாவிட்டால் இந்த வண்டி எதற்கு?

ஊரில் இப்படி வண்டி வைத்திருப்பவர்கள் ஒரு குழுவாக இருந்தார்கள். தலைவரை எல்லோரும் கேப்டன் என்பார்கள்; அவர் விற்பதென்னவோ கட்டிலும் பீரோவும். அவர் மலைப் பயணம் ஒன்றை அறிவித்ததும் நானும் பெயர் கொடுத்தேன். அதிசயமாக மனைவி வருவதாகச் சொன்னாள். "ஆனா சாமான் ஏத்த வேன் வருதில்ல? பயமா இருந்தா அதுல வந்துடுவேன்." நான் வேனுக்குப் போட்டியானேன்.

கேப்டனுக்கு ஒரு பழக்கம் உண்டு. புது ஆள் வந்தால் முகத்தைப் பார்க்க மாட்டார், டயரின் ஓரத்தைத்தான் பார்ப்பார். வளைவில் வண்டியைச் சாய்த்து ஓட்டத் தெரிந்தவனுக்கு ஓரம் தேய்ந்திருக்கும். என் டயரோ நடுவில் வழுக்கை, ஓரத்தில் மட்டும் புது ரப்பரின் மெல்லிய முடி. என் தலையேதான்.

என் தொழில் பல்செட் செய்வது. அறுபது வயதுக்காரருக்கு இருபது வயதுப் பல்லை வைத்தால் ஊரே கண்டுபிடித்துவிடும். அதனால் பல்லின் விளிம்பைச் சின்னக் கை மோட்டாரால் லேசாகத் தேய்த்து, வருடக்கணக்கில் மென்ற பல்லாக ஆக்கிவிடுவேன். அந்தக் கைக்கு டயர் எம்மாத்திரம்? ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு சக்கரங்களின் ஓரத்தையும் கட்டை கட்டையாகத் தேய்த்தேன். இடது பக்கத்தைக் கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்தேன். உண்மையான தேய்மானம் சமமாக இருக்காதல்லவா? வாழ்க்கையில் நான் இவ்வளவு நுணுக்கமாக எந்த வேலையும் செய்ததில்லை.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். ஒன்பதாம் நாள் காலை, மலையடிவாரத்தில், என் புளுகு பலித்துத் தொலைத்தது.

கேப்டன் குனிந்து டயர் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார். நிமிர்ந்து என்னைப் புது மரியாதையோடு பார்த்தார். "டாக்டரே!" என்றார். நான் டாக்டர் இல்லை. அதையும் நான் திருத்தியதில்லை. "மேல ரோடு முழுக்கச் சரளை. நீங்க முன்னாடி போங்க. நீங்க போற தடத்துலயே பத்து பேரும் வரட்டும்."

பத்து வண்டிகளையும் வரிசையாகப் பள்ளத்தில் இறக்கிவிடும் தகுதி எனக்கு இருந்தது. மனைவி வேன் அருகே பையோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மை பேசவேண்டும் என்று தோன்றியது. நேர்மையால் அல்ல, நடுக்கத்தால்.

"கேப்டன், அது ஓட்டித் தேய்ஞ்சது இல்ல. நான் தேய்ச்சது."

"புரியலையே?"

"பல்லு தேய்க்கிற மோட்டாரால. எனக்கு வளைவுல சாய்க்கத் தெரியாது. பயம்."

பத்து பேரும் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "என் டயருக்கும் ஒரு செட் கட்டிக் குடுங்க டாக்டர்" என்றார் ஒருவர். கேப்டன் மட்டும் சிரிக்கவில்லை. "கடைசியில வாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். காது வரை சுட்டது. செத்துவிடலாம் போல இருந்தது.

மனைவி பையை வேன் டிரைவரிடம் கொடுத்துவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வந்தாள்.

"உங்க புருவத்துல கருப்புத் தூள் ஒட்டியிருந்த அன்னிக்கே பட்டறையில வந்து பார்த்துட்டேன்."

"ஏன் ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா அதுக்கும் ஒரு கதை சொல்லுவீங்க. அந்தப் பொய்யைக் காப்பாத்த இன்னிக்கு வேகமா ஓட்டுவீங்கன்னுதான் பயந்தேன். வேன்தான்னு முடிவே பண்ணிட்டேன்." என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். "இப்பதான் நீங்க பயந்தாங்கொள்ளின்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சே. இனிமே மெதுவா போகலாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கிளம்பினேன். முதல் வளைவிலேயே சைக்கிள்காரர் ஒருவர் மணியடித்துக்கொண்டு எங்களை முந்திப் போனார்.

"போகட்டும்" என்றாள் அவள், என் முதுகில் சாய்ந்தபடி.