வெள்ளத்தாயின் வலது கைக்குக் கிடைத்த வேலை

வெள்ளத்தாயின் வலது கை ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் பிட்டராக வேலைக்குச் சேர்ந்த வெள்ளிக்கிழமை, அவளுடைய மிச்ச உடம்பு ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் கிடந்தது. 2023 சித்திரையில் நடந்தது இது. அந்த வருடம் அக்கம்பக்கத்து மில்களில் பிட்டருக்குக் கடும் பஞ்சம். மெஷின் ஓட்ட ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கழற்றிப் பூட்டத் தெரிந்தவர்கள் திருப்பூருக்கும் ஓசூருக்கும் போய்விட்டார்கள். ஆட்டோவில் மைக் கட்டி ஆள் கேட்டார்கள். சேர்ந்த அன்றே கிரைண்டர் இனாம் என்றார்கள். இன்டர்வியூவுக்கு வந்தவர்களை உள்ளே வைத்து கேட்டைப் பூட்டிய மில்லும் உண்டு.

சேத்தூர்க்காரியான வெள்ளத்தாய்க்கு முப்பத்து நான்கு வயது. பஞ்சு கூட்ட வந்த இடத்தில் தானாகப் பார்த்துப் பிட்டர் வேலை பழகியவள். ஓடுகிற மெஷின் மேல் உள்ளங்கையை வைத்து, எந்த பேரிங் எத்தனை நாளில் போகும் என்று சொல்லிவிடுவாள். அவள் வேலை பார்த்த மில் பங்குனிக் கடைசியில் மூடியது. உடனே ராஜபாளையம் மில் முதலாளி தங்கப்பாண்டியனும் ஸ்ரீவில்லிபுத்தூர் மில் ஒன்றும் அவளைக் கேட்டு ஆள் அனுப்பினார்கள். "ரெண்டு நாள் யோசிச்சுச் சொல்லுதேன்" என்றாள். இரண்டு பேருக்குமே அவ்வளவு பொறுமை இல்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு வாசலில் இரண்டு வேன்கள் வந்து நின்றன. நாலு பேர் அவளுடைய வலது கையைப் பிடித்தார்கள், நாலு பேர் இடது கையை. பூக்கடைக்காரி அவர்கள் மேல் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி எறிந்து பார்த்தாள். ஒருவன் பூக்காரியின் மண்டையில் இரும்புக் கம்பியால் அடித்தான். இழுத்த இழுப்பில் வெள்ளத்தாயின் வலது கை தோளோடு பெயர்ந்து வந்தது. வலது கையைப் பிடித்திருந்தவர்கள் அதைச் சாக்கில் சுற்றிக்கொண்டு தங்கப்பாண்டியனின் மில்லுக்குப் போனார்கள். மற்றவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்த பிறகுதான் தங்களிடம் எந்தக் கை இல்லை என்பதைக் கவனித்தார்கள். அவளை ஆஸ்பத்திரி வாசலில் தள்ளிவிட்டு வேன் போய்விட்டது.

கையை அன்று மத்தியானமே டெஸ்ட் வைத்துப் பார்த்தார்கள். மூன்று மெஷின்களைச் சரிசெய்தது. வருகைப்பதிவு மெஷினில் விரலை வைத்தார்கள். ரேகை ஆதாரோடு ஒத்துப்போனது, பெயரும் படமும் வந்தன. அதற்கு மேல் ஆபீஸில் யாருக்கும் சந்தேகம் எழவில்லை. சாயங்காலம் ஷிப்ட் முடிந்ததும் கை, கேட்டை நோக்கி விரல்களால் ஊர்ந்தது. வாட்ச்மேன் பூட்ஸ் காலால் மிதித்துப் பிடித்தார். அன்றிலிருந்து அதைச் சங்கிலி போட்டு மெஷினோடு பூட்டி, மூன்று ஷிப்டும் வேலை வாங்கினார்கள்.

மில்லில் கை பட்டதெல்லாம் ஆஸ்பத்திரியில் வெள்ளத்தாய்க்கு வலித்தது. சூடான பேரிங்கைத் தொட்டபோது கட்டிலிலிருந்து துள்ளி விழுந்தாள். நகம் பெயர்ந்த அன்று நர்ஸ் தேடிப் பார்த்தார், மருந்து போட இடமில்லை. பத்து நாள் தூக்கமில்லை. பதினோராம் நாள் தங்கை இந்து கையைக் கேட்டு மில்லுக்குப் போனாள்.

"ஏட்டி, அது ஆளு கெடையாது, என் மில்லு பிட்டரு" என்றார் தங்கப்பாண்டியன், மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு. "ஒரு பிட்டரத் தேடி நான் எம்புட்டு நாள் அலைஞ்சேன் தெரியுமா?"

இந்து செல்போனை எடுத்தாள். "அக்கா, சங்கிலியில பூட்டி வச்சிருக்கான்."

"அவன் எங்கன நிக்கான்?"

"கைக்கு எட்டுற தூரத்துலதான்."

வெள்ளத்தாய் கட்டிலில் கண்ணை மூடி, இல்லாத விரல்களை விரித்து, மடக்கினாள். மில்லில் கை எகிறித் தங்கப்பாண்டியனின் குரல்வளையைப் பிடித்தது. சங்கிலி இழுக்க இழுக்கப் பிடி இறுகியது. ஓடிவந்தவர்கள் ஸ்பேனரால் அடித்தார்கள். இரண்டு விரல் முறிந்தும் மூன்று விரல் விடவில்லை. அவர் மடியிலிருந்து சாவியை எடுத்து வீசினார்.

"அக்கா, சாவி வந்துருச்சு. விடு!"

"செத்த நேரம் பொறு" என்றாள் வெள்ளத்தாய். அந்த நேரத்தில் அவள் மனதில் கோபம்கூட இல்லை என்று பிற்பாடு தங்கையிடம் சொன்னாள். உள்ளங்கைக்குக் கீழே ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. அது எப்போது நிற்கும் என்று அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. அதற்குச் சற்று முன்னால் விட்டாள்.

தங்கப்பாண்டியன் பிழைத்தார். குரல் மட்டும் திரும்பவில்லை. இன்றைக்கும் இன்டர்வியூவில் கேள்விகளை எழுதித்தான் காட்டுகிறார். போலீஸ் வந்து விசாரித்தது. சம்பவம் நடந்த நேரத்தில் குற்றவாளி பதினோரு கிலோமீட்டருக்கு அப்பால் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு படுத்திருந்ததாக எழுதிக்கொண்டு போனது.

இந்து கையைக் கழுவி, முறிந்த விரல்களுக்குத் துணி சுற்றி, ஸ்ரீவில்லிபுத்தூர் டவுன் பஸ்ஸில் ஏறினாள். உட்கார இடமில்லை. கண்டக்டர் இந்துவுக்கு ஒரு மகளிர் இலவச டிக்கெட் கிழித்தார். பிறகு அக்காவின் கையில் கிடந்த கண்ணாடி வளையலைப் பார்த்து, அதற்கும் ஒன்று கிழித்தார். கை, மேலே இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு, வளைவுகளில் மற்றவர்களோடு சேர்ந்து ஆடியபடி வந்தது. ஆஸ்பத்திரியில் வெள்ளத்தாய், உள்ளங்கையில் அந்தக் கம்பியின் குளிர்ச்சி பட்டதும், நர்ஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனாள். ஸ்டாப் வந்ததும் பின்னால் நின்ற அம்மாள் கையைக் காட்டி, "செத்த வழி விடுங்க, அவிய எறங்கணும்" என்று கூட்டத்தை விலக்கிவிட்டாள்.