மூன்றாம் நாள் வீக்கம்

கண் ஆபரேஷன் என்றதும் கண்ணுக்குள் என்று நினைத்துவிடாதீர்கள். லோகநாயகிக்கு நடந்தது கண்ணுக்கு வெளியே. மேல் இமையில் தொங்கிய தோலைக் கொஞ்சம் வெட்டி, கீழே பை போட்டிருந்த கொழுப்பை எடுத்து, மெல்லிசாகத் தையல் போட்டு அனுப்பியிருந்தார்கள். திங்கட்கிழமை நடந்தது. புதன்கிழமை காலை கண்ணாடியில் பார்த்தால் இரண்டு கண்ணும் பூரி மாதிரி உப்பியிருந்தன. நடுவில் ஒரு கோடு, சுற்றிலும் கத்தரிக்காய் நிறம். “மூணாம் நாள்தான் வீக்கம் ஜாஸ்தியா இருக்கும், பயப்படாதீங்க” என்று டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லித்தான் இருந்தார். சொல்லிவிட்டால் பயம் வராமல் இருக்குமா?

மணிக்கு ஒரு தரம் இருபது நிமிஷம் ஐஸ் ஒத்தடம். தலைக்கு மூன்று தலையணை. குனியக் கூடாது, உப்பு கூடாது, முக்கியமாக அழக் கூடாது. பாதி உட்கார்ந்தபடி மனுஷி எப்படித் தூங்குவாள்? இரண்டு நாளாகக் கண்ணே அசரவில்லை. கழுத்து ஒருபக்கம் பிடித்துக்கொண்டது. நாற்பத்தெட்டு வயதில் இந்த வேலை தேவையா என்று அவளே அவளைத் திட்டிக்கொண்டாகிவிட்டது. அவள் வேலை பார்க்கிற பள்ளிக்கூட ஆபீசில் வைரல் காய்ச்சல் என்று சொல்லியிருந்தாள். உண்மை தெரிந்தவர் கணவர் துரைராஜ் ஒருத்தர்தான்.

எட்டு மணிக்குப் போன் வந்தது. அண்ணன் மகன் விக்கி.

“அத்தை, அம்மா போயிட்டாங்க. காலைல ஆறு மணிக்கு.” குரலில் அழுகை இல்லை. ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தவன் பேசுகிற மாதிரி இருந்தது.

செத்தது அண்ணி கங்கையம்மாள். கீழ்க்கட்டளையில் அவள் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. ஆறு வருஷத்துக்கு முன்னால் லோகநாயகி கூடுவாஞ்சேரியில் வீடு கட்டிக் குடிபோனபோது, விருந்துக்கு வந்த நூறு பேர் மத்தியில் அண்ணி கேட்டாள்: “ஏன்டி, கண்ணுக்குக் கீழ ரெண்டு பணியாரம் வச்சுகினு நிக்கிற?” பந்தியே சிரித்தது. அண்ணன் சம்பந்தமும் சிரித்துவிட்டார். அதுதான் லோகநாயகியால் தாங்க முடியாமல் போனது. அன்றைக்கு விட்டதுதான் அண்ணன் வீட்டுப் படி. மூன்று வருஷமாக அண்ணி டயாலிசிஸுக்குப் போய் வந்தபோதும் எட்டிப் பார்க்கவில்லை. அண்ணனும் கூப்பிடவில்லை. ஆனால் அந்தப் பணியாரம் மட்டும் தினமும் காலையில் கண்ணாடியில் வந்து நின்றது. கடைசியில் கத்தி வைக்கிற வரைக்கும் கொண்டுபோய் விட்டது.

“நான் மட்டும் போய்ட்டு வரேன். உனக்குக் காய்ச்சல்னு சொல்லிடறேன்” என்றார் துரைராஜ்.

“இன்னிக்கும் போகலைன்னா அப்புறம் எனக்கு அண்ணன்னு ஒருத்தர் இல்லைங்க. வண்டிய எடுங்க.”

கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். ஐஸ் பையை ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். வண்டலூர் தாண்டுவதற்குள் அது கரைந்து தண்ணீராகிப் போனது. பெருங்களத்தூர் நெரிசலில் அரை மணி நேரம் நின்றார்கள். பல்லாவரத்தில் திரும்பும்போது கண் இரண்டும் கொதித்தன. அண்ணி செத்த வீட்டுக்கு அழகு பண்ணிக்கொண்டு வந்தாள் என்று ஒருத்தி வாயிலிருந்து வந்துவிட்டால் போதும், அண்ணன் ஜன்மத்துக்கும் முகத்தில் விழிக்க மாட்டார். அந்த ஒரு நினைப்பே அவளை அரித்துக்கொண்டிருந்தது.

வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். மேளக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள், ஆனால் அழுகைச் சத்தமே இல்லை. “அதுக்கும் நிம்மதி, இருக்கறவங்களுக்கும் நிம்மதி” என்று யாரோ சொல்ல, இன்னொருத்தி தலையாட்டினாள். சாவு வீட்டில் இப்படி ஒரு கொட்டாவிக் களை அடித்து லோகநாயகி பார்த்ததில்லை.

குன்றத்தூர் அத்தைதான் முதலில் பார்த்தாள். அப்பாவின் தங்கை, எழுபத்தைந்து வயது, கையும் சும்மா இருக்காது, வாயும் சும்மா இருக்காது.

“சாவு வூட்ல கூலிங் கிளாஸ் இன்னாத்துக்குடி?” என்று கேட்டுக்கொண்டே கையை நீட்டி வெடுக்கென்று கழற்றிவிட்டாள்.

லோகநாயகி கையால் முகத்தை மறைக்கப் போனாள். அத்தை ஒரு நிமிஷம் அந்த முகத்தையே பார்த்தாள். பிறகு நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

“அய்யோ, பாருங்கடி. அழுது அழுது இவளுக்குக் கண்ணே காணோம். மொகமெல்லாம் கன்னிப் போச்சு. அடிச்சிகினு அழுதிருக்கா. ஆறு வருசம் பேச்சு இல்லைன்னாலும் நாத்தனா பாசம் எங்கடி போவும்?”

பந்தலே திரும்பியது. நாலைந்து பேர் எழுந்து வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அவளைப் பார்த்து ஒருத்திக்கு அழுகை வந்தது, அவளைப் பார்த்து இன்னொருத்திக்கு. அரை நிமிஷத்தில் அது ஒரு சாவு வீடாகிவிட்டது. இல்லை என்று சொல்ல வாய் எடுத்தாள், யார் விட்டார்கள்? இழுத்துக்கொண்டுபோய், அண்ணியைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் உட்கார வைத்தார்கள்.

கண் நெருப்பாக எரிந்தது. எதிரில் ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடி, வெளியில் முத்து முத்தாக வியர்த்திருந்தது. குனியக் கூடாதுதான். ஆனால் அந்தக் குளிர்ச்சி முகத்தில் லேசாக அடித்ததும் அவளுக்கு வேறெதுவும் ஞாபகம் இல்லை. அப்படியே சாய்ந்து இரண்டு கண்ணையும் கண்ணாடியில் மெல்ல ஒற்றிக்கொண்டாள். அப்பாடா என்று இருந்தது. இரண்டு நாளில் முதல் தடவையாக வலி இறங்கியது. பின்னால் பெண்கள் ஓவென்று கதறினார்கள். தான் செய்வது என்ன என்று புரிந்ததும் வெட்கமாக இருந்தது, ஆனாலும் எழுந்திருக்க மனசு வரவில்லை.

விரலால் இமையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தாள். ஒரு சாண் தூரத்தில் கங்கையம்மாளின் முகம் இருந்தது. மஞ்சள் பூசி, பெரிய பொட்டு வைத்திருந்தார்கள். கன்னம் வற்றிப்போய், கண்ணைச் சுற்றி மட்டும் தண்ணீர் கோத்து உப்பியிருந்தது. மூன்று வருஷமாக இந்த முகத்தோடா ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடந்தாள்? அவள் கண்ணைப் பார்த்து யார் என்ன கேட்டிருப்பார்கள்? ஒரு தடவையாவது வந்து பார்த்திருக்கலாம் என்று தோன்றியது.

“போதும் லோகா, எழுந்துரு.”

அண்ணன்தான். ஆறு வருஷத்துக்கப்புறம் லோகா என்ற பெயர் அவர் வாயிலிருந்து வந்தது. கைத்தாங்கலாக உள் அறைக்குக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்தார். மெலிந்துபோயிருந்தார். தாடி நரைத்திருந்தது.

“இவ்ளோ பாசம் வச்சிகினு ஏம்மா வராம இருந்த?” என்றார்.

இதற்கு மேல் அவளால் முடியவில்லை. “அண்ணா, நான் அழலை. இது அழுத வீக்கம் இல்லை. கண்ணுக்குக் கீழ பை இருக்குன்னு ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். திங்கக்கிழமை. அழகுக்குத்தான் பண்ணேன்.”

சம்பந்தம் அவள் முகத்தைக் கிட்டத்தில் வந்து பார்த்தார். தையல் தெரிந்திருக்கும். திட்டட்டும், வெளியே போ என்று சொல்லட்டும், எதற்கும் தயாராக உட்கார்ந்திருந்தாள். அவரோ கட்டில் ஓரத்தில் தொப்பென்று உட்கார்ந்தார்.

“யாருக்குத் தெரியும்?”

“அவருக்கு மட்டும்தான்.”



“மூணு வருசம் வாரத்துக்கு மூணு நாள் தூக்கிகினு போனேன், தூக்கிகினு வந்தேன். காலைல மூச்சு நின்னுச்சு. உக்காந்து பாக்கறேன், பாக்கறேன், எனக்கு அழுகையே வரலம்மா. விக்கிக்கும் வரல. தூக்கம்தான் வருது. வர்றவன்லாம் நிம்மதி நிம்மதின்றான். அவ வாய் அப்படித்தான், ஒத்துக்கறேன். அதுக்காக ஒரு பொம்பள, ஒருத்தர்கூட அழுவாம போறதா?”

அவர் எழுந்து அவள் தோளில் கை வைத்தார்.

“நாத்தனா கண்ணு வீங்க அழுதான்னு ஊர் சொல்லட்டும். நீ எதுவும் சொல்லிடாத. போய் உக்காரும்மா.”

துரைராஜ் கண்ணாடியைத் தேடி வாங்கிக்கொண்டு அறை வாசலில் நின்றிருந்தார். அவள் வேண்டாம் என்று கையால் காட்டிவிட்டுப் பந்தலுக்கு நடந்தாள். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில், தெருவிலிருந்து ஏறி வருகிறவர்கள் ஒவ்வொருத்தரும் நன்றாகப் பார்க்கும்படி, முகத்தைத் தெருப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.