கவ்வாத்துச்சாமி பிறந்த இடம்

சின்னராசாவின் முதுகு எப்போதோ விட்டுப்போய்விட்டது. ஆனாலும் கவ்வாத்து வந்தால் கத்தியைத் தீட்டிக்கொண்டு போய்த்தான் ஆகவேண்டும். தேயிலையை வெட்டிக் குறைக்கும் அந்த வேலைக்கு முன்னால் மலையில் ஒரு கல்லை நட்டு, பொட்டு வைத்து, சேவல் அறுத்துக் கும்பிடுவார்கள். எந்தக் கல்லானாலும் சாமிதான். ஆனால் மழைத்தண்ணி ஓடக் கான் வெட்டும்போது சின்னராசாவுக்குக் கிடைத்த கறுப்புக் கண்ணாடிக் கல் மட்டும், வானத்திலிருந்து விழுந்தது என்று பேர் வாங்கி நிரந்தரச் சாமியாகிவிட்டது. அது வந்தபிறகு யார் காலிலும் கத்தி படவில்லையாம். யார் மறுக்க முடியும்?

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மண்ணையும் கல்லையும் பற்றிப் படிக்கும் மகள் சுதர்ஷினி லீவில் வந்து அதைப் பார்த்துவிட்டாள். டெக்டைட்டாக இருக்கலாம் என்றாள். அப்படிப்பட்ட கண்ணாடியை நிலா கக்கியது என்று ஒரு காலத்தில் சிலர் சாதித்தார்களாம். பெரிய விண்கல் மோதி உருகிய பூமி மண்தான் பறந்துபோய் வேறெங்கோ விழுந்தது என்பது இப்போது பெரும்பாலானோர் கட்சி. சோதித்துப் பார்க்கக் கல்லைக் கேட்டாள்.

கூட வெட்டும் பழனியாண்டி முகம் கொடுக்கவில்லை. சாமியை அனுப்பிவிட்டு எதைக் கும்பிடுவது? வானத்துச் சாமி வானத்துச் சாமியாகவே திரும்பிவரும், அதற்குத் தான் பொறுப்பு என்று சின்னராசா வாக்குக் கொடுத்தார். மகளுக்காகக் கொடுத்த வாக்கு.

கவ்வாத்தன்று விடியற்காலையில் சுதர்ஷினி கல்லோடு வந்து சேர்ந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது.

"நிலாவும் இல்ல, விண்கல்லும் இல்லப்பா. உள்ள கரித்துண்டு இருக்கு. நம்ம பழைய ஸ்டோர்ல கொழுந்து காயவைக்கிற அடுப்புல சாம்பலும் செங்கல்லும் உருகி உறைஞ்ச கிட்டம்."

தேயிலை ஸ்டோர் அடுப்புக் கிட்டத்தையா இத்தனை காலம் விழுந்து கும்பிட்டோம்? அவருக்கு வெட்கமாக இருந்தது. மறைத்துவிடலாம் என்றுதான் மலையேறினார். ஏறி முடிப்பதற்குள் பொய் சொல்லும் தெம்பும் போய்விட்டது. கூடி நின்றவர்களிடம் உள்ளதைச் சொன்னார்.

பழனியாண்டி கல்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காணித் துண்டு கேட்டு முந்தின நாள்தான் நுவரெலியாவில் ஒரு அரசாங்கக் கந்தோருக்குப் போய், எங்கிருந்து வந்தவன் என்ற கேள்வியோடு திரும்பியிருந்தார். நாலு தலைமுறையாகக் கேட்கும் அதே கேள்வி.

"அப்ப இவரு இங்கயே பொறந்தவரு," என்றார். "எங்கேருந்து வந்தேன்னு இவரை ஒருத்தனும் கேக்க முடியாது."

குனிந்து, கல்லைப் பழைய குழியிலேயே நட்டு மண்ணை மிதித்து இறுக்கினார்.

"சேவலைக் கொண்டாங்கண்ணே."